கடைசிப் பல்

மேல்விஷாரத்தில் ஜுனைத் பாய் வீட்டு ஷெட்டில்
மூடியிருந்த துணியை உருவினார்கள்.
சிவப்பு. இரண்டு கதவு. இரண்டே இருக்கை.
என் மார்புக்குக் கீழேயே முடிந்துவிட்ட வண்டி.

"மூணாவது பொறந்துட்சி சார். சீட்டு ரெண்டுதான்.
வேற இன்னா காரணம் சொல்லட்டும்?"
பொய்யில்லை.
உள்ளேயிருந்து காரணம் வீறிட்டு அழுதது.

நான் எக்ஸ்ரே எடுப்பவன்.
பதினெட்டு வருஷமாக ஊராருக்குச் சொல்வதை
அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்:
மூச்சை இழுங்க.
அப்படியே பிடிங்க.
அசையாதீங்க.
முதலில் இடது கால். அப்புறம் இடுப்பு.
அப்புறம், வேறு யாருடையதையோ வைப்பதுபோல், தலை.
வலது கால் மட்டும் வெளியே நின்று
யோசித்துக்கொண்டிருந்தது.

இருக்கைக்கு அடியில் ஒரு நெம்புகோல்.
பல் பல்லாகப் பின்னால் போனேன்.
டக். டக். டக்.
"அதான் சார் கடைசிப் பல்லு" என்றார்
தரகர் பூங்காவனம், காலிமனை காட்டுகிற குரலில்.
முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரு பக்கமும்
காட்பாடி ஜங்ஷனில் துண்டு போட்டு
இடம்பிடித்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

என் தொடையெலும்பு ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர்.
ஒரு நைட் டூட்டியில் தேவசித்தம் படம் எடுத்தான்,
நான் ஸ்கேல் வைத்தேன்.
ஜெர்மன்காரன் யாரை உட்காரவைத்து
இதை அளந்தான் என்று தெரியவில்லை.

எல்லா குரூப் போட்டோவிலும் பின்வரிசை நான்.
ஒரு தடவையாவது தரையோடு தரையாக
முன்னால் போக வேண்டும். ஆசை இவ்வளவுதான்.
எப்சிபாவிடம் சொல்லவில்லை.
அவளிடம் சொன்னது, ரீசேல் வேல்யூ.

ஆற்காடு வரை கூரையை மூடி ஓட்டினேன்,
யாரோ காதில் ரகசியம் சொல்வதுபோல்
தலையை வலது தோளில் சாய்த்து.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் உச்சந்தலையில் ஒரு குட்டு.

பிறகு கூரையைத் திறந்தேன்.
கண்ணாடியின் மேல்சட்டம் சரியாக என் கண்ணுக்கு நேரே.
சட்டத்துக்குக் கீழே சாலை.
மேலே, வடிகட்டாத மே மாதம்.

பாலாற்றுப் பாலத்தில், கீழே மணலும் முள்ளுமாக
ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வெயில் ஓட,
ஈரத்தோல் ஏற்றிய ராணிப்பேட்டை லாரி
பக்கத்தில் வந்து மெதுவாகியது. சுண்ணாம்பு நாற்றம்.
கிளீனர் பையன் பாதி உடம்பு வெளியே தொங்க,
"இன்னா சார், எந்திரிச்சி நின்னுகினு ஓட்றியா?"

பதில் சொல்ல நிமிர்ந்தேன்.
நிமிர இடம் இருந்தது.

ஆறே காலுக்கு முடிந்தது பேரம், லட்சத்தில்.
என் உயரமும் அதுவேதான், அடியில்.
என்னையே நிற்கவைத்து விலைபேசியது மாதிரி இருந்தது.

கொசப்பேட்டையில் குஷன் போடும் வரதன்
இருக்கையைப் பிரித்தார்.
"ரெண்டு அங்குலம் நுரைய எடுத்துட்டா
தல தட்டாது. முதுகுக்கு நான் பொறுப்பில்ல."
முதுகைப் பற்றி எனக்குத் தெரியும்.
நாலாம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே
இடைவெளி ஏற்கெனவே குறைவு.
எடுங்க என்றேன்.
அறுத்த துண்டை வீணாக்காமல்
கறிக்கடையில் கட்டுவதுபோல் செய்தித்தாளில் கட்டி,
"உங்குது" என்று கையில் கொடுத்தார்.

எப்சிபா வண்டியை ஒரு சுற்று சுற்றினாள்.
ரீசேல் வேல்யூ பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு அவள்.
கதவைத் திறந்து, கிணற்றில் வாளி இறங்குவதுபோல்
ஓட்டுநர் இருக்கைக்குள் இறங்கிப்போனாள்.
சிறிது நேரம் உள்ளே ஆளே இல்லை.
பிறகு குரல் மட்டும்:
"பானட் எங்க இருக்கு? ஒண்ணும் தெரியல."

பின்னால் கிடந்த பொட்டலத்தைப் பிரித்து
என் இரண்டு அங்குலத்தை அடியில் போட்டு
ஏறி உட்கார்ந்தாள்.
நெம்புகோலைத் தேடிப் பிடித்தாள்.
டக், டக், டக் என்று
நான் போன தூரமெல்லாம் திரும்பி வந்து
அதற்கு மேலும் போனது இருக்கை.
ஒன்பது வரை எண்ணினேன்.

"கிளட்ச் எட்டுது" என்றாள்.
"ஏறுங்க."

இந்தப் பக்கக் கதவைத் திறந்து
மூச்சை இழுத்தேன்.